தேசம்மாவுக்கு மெஷினா, பையா?

எங்கள் ரத்த வங்கிப் பிள்ளைகள் போன வாரம் ஒரு வேண்டுகோள் அனுப்பினார்கள். பிள்ளைகள் என்றா சொன்னேன்? அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. பிளாஸ்மாஃபெரிசிஸில் எத்தனை வகை, எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். நான் ஓய்வு பெற்ற மனிதன். காலையில் நாஷ்டா ஆனபிறகு எனக்கு வேறு வேலையே கிடையாது. ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுவேன் என்று எந்த தைரியத்தில் கேட்டார்களோ தெரியவில்லை.

வகைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதையில் மறந்துவிடுவேன். ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் இருக்கிற மஞ்சள் நீரான பிளாஸ்மாவை மட்டும் பிரித்துவிட்டு, சிவப்பணுக்களை அதே ஆளுக்குத் திருப்பி ஏற்றுவதுதான் இந்த வேலை. கெடுதல் செய்கிற பொருள் பிளாஸ்மாவில் இருந்தால், அதோடு போய்விடும். இதைப் பை வைத்துக் கையாலும் செய்யலாம், சுழலும் கிண்ணம் உள்ள மெஷினாலும் செய்யலாம். இரண்டு கையிலும் ஊசி போட்டு நிற்காமல் ஓட்டுகிற மெஷின் ஒன்றும் உண்டு. அதை அந்தக் காலத்தில் நான் புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எது சிறந்தது என்று கேட்காதீர்கள். யாருக்கு என்று கேளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தேசம்மாவும் ஓர் எல்லப்பனும் தேவைப்பட்டார்கள்.

எங்கள் குடும்பம் மீஞ்சூர்ப் பக்கம் நெல் விளைவித்த குடும்பம். ரத்த வேலைக்குப் போகிறேன் என்றதும் அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அறுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு வருடம் படித்தேன். அந்த வருடத்தில் பாதியைக் கண்ணாடி பாட்டில் கழுவுவதிலும் மீதியை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுவதிலும் கழித்தேன். பிறகு பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்த டாக்டர்தான் சீஃப்.

அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொன்னதில்லை. தினமும் காலை ரயிலில் சென்னையிலிருந்து வருவார். மெலிந்த உடம்பு, சோடாபாட்டில் கண்ணாடி. கேள்வி கேட்பார். உடனே பதில் சொன்னால் "உன்னைக் கேட்டேனா?" என்பார். கொஞ்சம் பொறுத்துச் சொன்னால் "தூங்கறியா?" என்பார். சேர்ந்த முதல் வருடம் வாயைத் திறக்கவே பயந்தேன். பிறகு ஒரு ரகசியம் பிடிபட்டது. யோசிக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா பீரோவா என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் காதில் விழுவதையெல்லாம் தன் சொந்த யோசனை என்றே எடுத்துக்கொள்வார். அதனால் நான் சொல்லவேண்டியதைச் சேர்த்துவைத்து, அவர் துடைக்கிற அரை நிமிடத்தில் சுவரைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இப்படியே பதினோரு வருடம் ஓட்டினேன்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அதில் ஒரு முதலாளி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வரவழைத்துக் கொடுத்தார். கிண்ண மெஷின். அது வந்து இறங்கிய அன்று சீஃப் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பக்கத்தில் யாரையும் விடவில்லை. வரும் வியாழக்கிழமை முதலாளியே நேரில் வந்து மெஷின் வேலை செய்வதைப் பார்ப்பார் என்று ஏற்பாடு. குத்துவிளக்கு, சாமந்திமாலை எல்லாம் தயார். மெஷினில் படுக்க ஒரு நோயாளிதான் பாக்கி. அந்த வாரம்தான் தேசம்மா வந்து சேர்ந்தாள்.

பழவேற்காட்டு ஏரியோரத்துக் குப்பத்துக்காரி. துறையில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் கூவினால் அக்கரை வரைக்கும் கேட்கும் என்று அவள் புருஷன் எல்லப்பன் பெருமையாகச் சொன்னான். நாலு மாதமாகச் சாயங்காலம் ஆனால் குரல் தேய்ந்துபோகிறதாம். கண் இமை தானாகக் கவிழ்கிறதாம். ஒருநாள் ஏலத்தின் நடுவே ஒரு கண் மூடிக்கொள்ள, மீஞ்சூர் வியாபாரி ஒருவர் தான் கேட்ட விலைக்குத்தான் கண்ணைக் காட்டி முடித்துவிட்டாள் என்று இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். அடிதடியே ஆகிவிட்டதாம். அதுவரை சிரிக்கிற விஷயம். இப்போது அவளுக்குக் கஞ்சி விழுங்கினால் மூக்கில் வந்தது. எதிரே இருப்பவரைப் பார்க்க விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தாள்.

மையஸ்தீனியா என்றார் சீஃப். நரம்பு இடுகிற உத்தரவு தசைக்குப் போய்ச் சேராமல் நடுவில் ஏதோ ஒன்று மறிக்கிறது. மறிக்கிற அந்தப் பொருள் பிளாஸ்மாவில் இருக்கிறது. அதை எடுத்தால் ஆள் எழுந்துகொள்வதாக அப்போதுதான் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்தும் போதவில்லை. மூச்சுத் தசையும் ஓய்ந்துவிட்டால் எங்களிடம் இருந்தது கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற ஒரு ரப்பர் பை மட்டும்தான்.

அவள் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். நல்ல உடம்புக்காரர் நாற்பதைத் தாண்டுவார். தேசம்மா ஒன்பதில் நின்றாள். ஏலக்காரி அல்லவா, நிற்க மனமில்லாமல் மூக்கால் திருட்டு மூச்சு இழுத்துப் பதினாலு என்று காட்டப் பார்த்தாள். நான் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினேன். என்னை அவள் முறைத்தாள். ஒரு கண்ணால்தான் முறைக்க முடிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

சீஃபுக்கு ஒரே சந்தோஷம். மெஷினுக்கு நோயாளி கிடைத்துவிட்டாள், வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

நான் அவள் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து, சிவப்பணு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சென்ட்ரிஃபியூஜ் என்கிற சுழற்சிக் கருவியில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். இருபத்துநாலு. சாதாரணமாக நாற்பதாவது இருக்கவேண்டும். எடை முப்பத்தாறு கிலோ. கிண்ண மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுழலும் கிண்ணம் சிவப்பணுவால் நிறைகிற வரைக்கும் அது ரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், திருப்பித் தராது. கெட்டியான ரத்தம் என்றால் சீக்கிரம் நிறையும். தேசம்மாவின் நீர்த்த ரத்தத்தில் அந்தக் கிண்ணம் நிறைய முக்கால் லிட்டர் இழுக்கும். அவள் உடம்பில் மொத்தமே இரண்டேகால் லிட்டர்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் வெளியே நின்றால் அந்த மூச்சுக்கு என்ன ஆகும்?

இதைச் சீஃபிடம் சொல்லவேண்டும். அவரோ மெஷின் வந்ததிலிருந்து கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் அல்லவா. இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது, அதே அறையில் இருந்த, ஊசிகளை ஆவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவின் மூடியைச் சரியாக ஆறும் முன்பே திறந்துவிட்டேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. சீஃபின் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. திட்டிக்கொண்டே கழற்றினார், டையைத் தேடினார். நான் சுவரைப் பார்த்து, "இருபத்துநாலு பங்குதான் செல். கிண்ணம் நிறைய முக்கால் லிட்டர் போவும். பையில எடுத்தா ஒரு தடவைக்கு முந்நூறு மில்லிதான் வெளிய நிக்கும்" என்றேன்.

துடைத்துக்கொண்டே இருந்தார். டையின் ஒரு நுனி போதாமல் மறு நுனிக்குப் போனார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பொண்ணுக்குப் பைதான் சரி என்று தான் முதல் நாளே நினைத்ததாகச் சொன்னார். நான் ஆச்சரியப்பட்டுக் காட்டினேன்.

வியாழக்கிழமை முதலாளி வந்தார். நல்ல ஆகிருதி, சிவந்த முகம், கெட்டியான ரத்தம் என்று பார்த்தாலே தெரிந்தது. சீஃப் அவரை மேலும் கீழும் அளந்துவிட்டு, இந்த மெஷினுக்கு ஏற்ற உடம்பு உங்களுடையதுதான், விருப்பமிருந்தால் தானமாகக் கொஞ்சம் பிளாஸ்மா கொடுக்கலாமே என்றார். மனிதர் அதை உண்மையாகவே சொன்னார். முதலாளிக்குத் திடீரென்று சென்னையில் ஒரு மீட்டிங் ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் உப்புத் தண்ணீரை விட்டு மெஷினை ஓட்டிக் காட்டினோம். கைதட்டினார், போய்விட்டார்.

மறுநாள் தேசம்மாவுக்குப் பை முறையை ஆரம்பித்தோம். இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வார்டில் ஊசி போட்டு இரட்டைப் பையில் முந்நூறு மில்லி ரத்தம் எடுப்போம். கையிலிருந்து ஊசியை எடுக்காமல் உப்புத் தண்ணீரைச் சொட்டவிடுவோம். பையைக் கீழே ரத்த வங்கிக்குக் கொண்டுவந்து, எதிர்த்தட்டில் சமமாக எடை வைத்து, குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் கால் மணி நேரம் சுற்றுவோம். எடுத்தால் கீழே செல், மேலே பிளாஸ்மா. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குலுங்காமல், பிழிகிற பலகையில் மாட்டி பிளாஸ்மாவைப் பக்கத்துப் பைக்கு ஏற்றுவோம். குழாயைச் சூடு வைத்து மூடி வெட்டுவோம். சீட்டில் உள்ள நம்பரை இரண்டு பேர் படித்து ஒப்புக்கொண்ட பிறகு, செல் பை மறுபடி மேலே போகும். அது ஏறின பிறகுதான் அடுத்த பை எடுப்போம். ஒரு நாளைக்கு மூன்று பை. ஒருநாள் விட்டு ஒருநாள்.

எல்லப்பன் பையோடு பையாக மாடிக்கும் கீழுக்கும் நடந்தான். எங்கள்மேல் நம்பிக்கையில்லை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். என்ன செய்கிறோம் என்று நானே அவனுக்கு விளக்கினேன். கஞ்சியை வடித்துவிட்டுச் சோற்றைத் திருப்பி வைப்பதுபோலவா என்று கேட்டான். இத்தனை வருடத்தில் அதைவிட நல்ல விளக்கம் எனக்கு அகப்படவில்லை.

ஆனால் தேசம்மா தேறவில்லை. முதல் தடவை முடிந்ததும் எண்ணிக்கை எட்டு. இரண்டாவது தடவைக்குப் பிறகு ஏழு. ஒவ்வொரு பை ஏறும்போதும் அவள் உடம்பு கிடுகிடுவென நடுங்கியது, நடுக்கம் நின்றதும் துவண்டு கிடந்தாள். நோய் முற்றுகிறது என்று சீஃப் முகத்தைத் தொங்கப்போட்டார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அப்போதும் ஏறாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் மிச்சம் அந்த ரப்பர் பைதான்.

மூன்றாவது தடவை, முதல் பை ஏறியாயிற்று. இரண்டாவது பையைச் சுற்றிப் பிழிந்து, சீட்டுக் கட்டி, ஜன்னலோரத் தட்டில் வைத்துவிட்டு, பிளாஸ்மாவை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டு காலி.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன், குப்பை வாளியைக் கவிழ்த்தேன், மேசைக்கடியில் தவழ்ந்தேன். மாடிக்கு ஓடி சிஸ்டரைக் கேட்டேன், வரவில்லை என்றார். அங்கே தேசம்மா இமையைத் தூக்கிப் பிடித்தபடி என் கையைப் பார்த்தாள். வெறுங்கை. முந்நூறு மில்லி அவள் உடம்பில் இல்லை, அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படிக்கட்டில் இறங்கும்போது என் வேலை, பெண்டாட்டி பிள்ளை எல்லாம் கண்முன் வந்து போயின. பொய் சொல்லவில்லை, அவளைவிட என்னைப் பற்றித்தான் முதலில் பயந்தேன்.

பம்ப் ரூமுக்குப் பின்னால் வெயிலில் எல்லப்பன் குந்தியிருந்தான். வயிற்றுவலிக்காரன் மாதிரி இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். லுங்கி மடிப்பு புடைத்திருந்தது.

"மடியில இன்னாய்யா அது?" என்றேன்.

"எம் பொஞ்சாதி ரத்தம் சார்" என்றான் சாதாரணமாக. "தொட்டுப் பாத்தேன், ஐஸ் மாரி கீது. ஐஸ்ல வச்ச மீன எங்கனா மறுபடி ஏரில வுடுவாங்களா சார்? அது செத்துக்கினு இருந்துச்சி. அதான் வயித்தோட வச்சி உசுரு குடுத்துக்கினு கீறேன்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடித்தால் பை உடையும் என்று இறக்கினேன்.

காவலை விட்டு வெளியே போன ரத்தத்தைக் கொட்டிவிடவேண்டும் என்பது சட்டம். ஆனால் அவளிடம் கொட்டுவதற்கு ரத்தம் ஏது? தட்டில் திருப்பி வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மேலே அனுப்பியிருக்கலாம். மனசு அப்படியும் யோசித்தது. பிறகு நேராகச் சீஃப் அறைக்குப் போனேன். கண்ணாடி போட்டுத்தான் இருந்தார். கழற்றக் காத்திருக்கவில்லை. பை காணாமல் போனது, கிடைத்தது, அவன் வயிற்றில் கால் மணி நேரம் இருந்தது எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். தவறு என்னுடையது, தட்டைத் தனியாக விட்டுப் போனது நான் என்றும் சொன்னேன்.

எழுந்தார். கீழே வந்தார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடிய வாய் எதுவும் திறக்கவில்லை, சீட்டு அப்படியே இருந்தது. தேசம்மாவின் கையிலிருந்து புதிதாகத் துளி எடுத்து, பையின் குழாய்த் துண்டில் இருந்த ரத்தத்தோடு வகை பார்க்கச் சொன்னார், ஒத்துப்போனது. அந்தத் துண்டையே சுற்றி, மேலே நிற்கிற நீர் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தார். சூட்டில் செல் உடைந்திருந்தால் சிவந்திருக்கும். தெளிவாக இருந்தது. மனிதன் வயிறு எவ்வளவு முயன்றாலும் ரத்தத்தை வேகவைக்க முடியாது என்றார். ஏற்றச் சொன்னார்.

ஏற்றினோம். சீஃப், நான், எல்லப்பன் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். பாதி ஏறியது, முழுவதும் ஏறியது. தேசம்மா நடுங்கவில்லை. எண்ணச் சொன்னோம். பத்து.

சீஃப் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இத்தனை நாளும் நோயைக் குற்றம் சொன்னோமே, அவளை நடுங்க வைத்தது எங்கள் குளிர்ந்த பைதான். அவசரத்தில் குளிர் விடக் காத்திராமல் சென்ட்ரிஃபியூஜிலிருந்து நேராக ஏற்றிக்கொண்டிருந்தோம். இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பையும் அவள் தசைகள் நடுங்கியே தீர்த்துவிட்டன. படித்த இரண்டு பேருக்குத் தோன்றாதது, ஐஸ் மீனைத் தொட்டுப் பழகியவனுக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் சீஃப் சொன்னார். "முனுசாமி, பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசியிருக்கே. இனிமே ஆட்டோகிளேவைத் திறக்காமலே சொல்லு. போன தடவை மூக்கு வெந்துபோச்சு."

அதன்பிறகு மூன்று தடவை செய்தோம். அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒன்பது பை. ஒவ்வொரு பையையும் சுத்தமான துணியில் சுற்றி, சிஸ்டர் கண்முன்னே, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லப்பன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அசையச் சொன்னால் அசைய மாட்டான். சீஃப் உத்தரவின்படி ரிஜிஸ்டரில் 'சூடாக்கியவர்' என்று ஒரு பத்தி போட்டு அவன் பெயரை எழுதினேன். பிற்பாடு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் இது என்ன கருவி, எந்தக் கம்பெனி என்று கேட்டார். உள்ளூர்த் தயாரிப்பு என்றேன்.

இது நோயை வேரோடு பிடுங்குகிற வைத்தியம் அல்ல. எடுத்த பொருள் சில வாரத்தில் மறுபடி ஊறும். மாத்திரையும் மறுபடி பைகளும் வேண்டியிருக்கும். சீஃப் இதை ஒளிக்காமல் இரண்டு பேரிடமும் சொன்னார். எல்லப்பன் தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, இது எங்கே போகப்போகிறது என்றான்.

ஊருக்குப் போகிற அன்று காலை தேசம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு கண்ணும் திறந்திருந்தன. சீஃப் கடைசியாக ஒருமுறை எண்ணச் சொன்னார். நான் கேஸ் ஷீட்டும் பேனாவுமாக நின்றேன். மூச்சை இழுத்தாள். பத்து வரை நோயாளிபோல எண்ணினாள். பதினைந்தைத் தாண்டியதும் குரல் துறைக்குப் போய்விட்டது. வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். திருட்டு மூச்சு இழுக்கிறாளா என்று அவள் மூக்கையே பார்த்தேன். இல்லை. இருபத்தைந்து, முப்பது. சீஃப் போதும் என்றார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. போதும்மா, போதும் என்று கையமர்த்தினார். அவளோ ஒவ்வொரு எண்ணாக எங்கள் முகத்தில் வீசிக்கொண்டே போனாள்.

"அவ நிறுத்தமாட்டா சார்" என்றான் எல்லப்பன். "எவனாச்சும் வாங்கிக்கிறேன்னு சொல்ற வரிக்கும் நிறுத்தமாட்டா."

"சரிம்மா, நான் வாங்கிக்கிறேன்" என்றார் சீஃப்.

அப்போதுதான் நிறுத்தினாள். எண்ணிக்கையைக் குறிக்கவேண்டியவன் நான். முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்தேன், கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் காலியாகவே போய்விட்டது.